சொல் விளக்கம்: என்ட்ரெயின்மென்ட் – தாளவயப்படுதல்

மூளை பாதிப்பால் தடுமாறும் நடையையும் பேச்சையும் இசையால் சீராக்கும் நரம்பியல் இசைச் சிகிச்சையின் அச்சாணிச் சொல் 'என்ட்ரெயின்மென்ட்'. வெளியிலிருந்து வரும் சீரான தாளத்துக்கு உடலசைவு ஆட்படுவதே இங்கே அதன் பொருள். காதில் விழும்போது 'என்டர்டெயின்மென்ட்' போலவே ஒலிக்கும். பக்கவாதம் வந்தவருக்குப் பிடித்த பாட்டைப் போட்டு மனதைத் தேற்றுவதுதான் இசைச் சிகிச்சை என்ற நினைப்பும் பரவலாக இருப்பதால், இந்த ஒலி ஒற்றுமை குழப்பத்தைக் கூட்டுகிறது. இரண்டும் வேர் வேறான சொற்கள்.

இதன் வேர் 'இழு' என்று பொருள்படும் லத்தீன் வினையான 'த்ராஹெரெ'. ட்ரெயின், டிராக்டர், முறிந்த எலும்புக்கு எடை கட்டி இழுக்கும் டிராக்‌ஷன் எல்லாம் அதே வேரில் பிறந்தவை. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது 'தன்னோடு இழுத்துக்கொண்டு போதல்' என்ற பொருள் நிலைத்தது. நீராவி தன்னோடு நீர்த்துளிகளை அடித்துக்கொண்டு போவதற்கும், பகல் வெளிச்சம் நம் உடற்கடிகாரத்தை 24 மணி நேரத்துக்குள் இழுத்து நிறுத்துவதற்கும் இதே சொல்தான்.

வேரை அப்படியே தமிழாக்கி 'இழுப்பு' என்று வைக்க முடியாது. தமிழில் இழுப்பு என்றால் வலிப்பு, அல்லது மூச்சிரைப்பு. 'ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது' என்றால் வந்திருப்பதே பக்கவாதம். சிகிச்சைக்கு நோயின் பெயரைச் சூட்டியது போலாகிவிடும்.

'ஒத்ததிர்வு' இயற்பியலில் ரெசொனன்ஸுக்குப் போய்விட்டது. மிச்சமிருப்பது பலரும் எழுதும் 'ஒத்திசைவு'. அதை ஏற்பதா என்று பார்க்க, இந்தக் கருத்து முளைத்த இடத்துக்குப் போக வேண்டும். 1665இல் டச்சு அறிஞர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் உடல் நலமின்றிப் படுத்திருந்தபோது, ஒரே சட்டத்தில் தொங்கிய தம் இரண்டு ஊசல் கடிகாரங்களைக் கவனித்தார். ஒன்று இடப்பக்கம் போனால் மற்றது வலப்பக்கம் போனது. கலைத்துவிட்டாலும் அரை மணி நேரத்துக்குள் பழைய ஒழுங்குக்குத் திரும்பின. சட்டத்தின் கண்ணுக்குத் தெரியாத அசைவே காரணம். அங்கே இரண்டும் ஒன்றையொன்று இழுத்தன. அதற்கு 'ஒத்திசைவு' பொருந்தும். நோயாளிக்குத் தாளத்தோடு தரும் நடைப்பயிற்சியில் அப்படியில்லை. சீரான இடைவெளியில் தட்டொலி எழுப்பும் கருவியான மெட்ரோனோம் நோயாளிக்காக இம்மியும் இறங்கி வராது. கால்தான் அதற்கு ஆட்பட வேண்டும். ஆகவே 'காதல்வயப்பட்டான்' என்று நாம் சொல்லும் அதே 'வயப்படு' இங்கே சரியாக உட்காருகிறது. கால் தாளவயப்படுகிறது, சிகிச்சையாளர் நடையைத் தாளவயப்படுத்துகிறார். பெயர்ச்சொல்லோடு தன்வினையும் பிறவினையும் ஒருசேரக் கிடைப்பது கூடுதல் வசதி.

ஆட்படுவது எப்படி? காதில் விழும் ஒலி மூளைப்புறணிக்குப் போவதோடு, மூளைத்தண்டிலிருந்து தண்டுவடத்துக்கும் இறங்கி, தசையை இயக்கும் நரம்பணுக்களை முன்கூட்டியே தயார்படுத்துகிறது. சீரான தாள அடி என்றால் அடுத்தது எப்போது விழும் என்று மூளைக்குத் தெரியும். ஒவ்வோர் ஒலிக்கும் காத்திருந்து கால் வைக்காமல் இடைவெளியையே பிடித்துக்கொள்கிறது. நடுக்குவாதத்தில் (பார்க்கின்சன் நோய்) உள்ளிருக்கும் நேரக்கணக்கு தடுமாறுவதால் வெளித் தாளம் அந்த வேலையை ஏற்கிறது. 1990களில் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் தாவுட் குழுவினர் இதைத் தாளவொலித் தூண்டல் என்ற முறையாக வகுத்தார்கள். 1997இல் வெளியான அவர்களது பக்கவாத ஆய்வில், கைத்தாங்கலோடு ஐந்து நடைச் சுழற்சி (இரு காலும் ஒருமுறை எட்டு வைப்பது ஒரு சுழற்சி) போட முடிந்தவுடனேயே நோயாளிகள் சேர்க்கப்பட்டார்கள். பயிற்சி 6 வாரம் நடந்தது.

முதல் வேலை பாட்டுத் தேடுவது அல்ல, எண்ணுவது. 10 மீட்டர் நடக்கவிட்டு நேரத்தையும் காலடிகளையும் குறிக்க வேண்டும்; வேகம் எடுக்கவும் நிற்கவும் இரு முனையிலும் 2 மீட்டர் கூடுதல் இடம் தேவை. 25 நொடியில் 30 காலடி என்றால் நிமிடத்துக்கு 72. மெட்ரோனோமை 72லேயே வைத்து, முதலில் நின்ற இடத்தில் எடையை இடம் வலமாக மாற்றப் பழக்கி, பிறகு நடக்கவிட வேண்டும். கால் பிடித்துக்கொண்டதும் 5 முதல் 10 சதவீதம் கூட்டலாம், அதாவது 76 முதல் 79 வரை. எடுத்த எடுப்பில் 110இல் ஓடும் பாட்டைப் போட்டால் காலும் வராது, தாளமும் விடாது.

வேகம் கூடியும் அடியின் நீளம் குறைந்தால் அது முன்னேற்றமல்ல. நடுக்குவாதக்காரர்களுக்கு அடி சிறுத்துச் சிறுத்து முன்னே ஓடி விழும் ஆபத்து உண்டு. உடனே தாளத்தைக் குறைக்க வேண்டும். பயிற்சி முழுக்க வலுவிழந்த பக்கம் ஒருவர் நிற்க வேண்டும், இடுப்புப் பட்டை கட்டாயம். காதில் இயர்ஃபோன் மாட்டித் தெருவில் நடக்கவிடுவது வண்டிச் சத்தத்தை மறைத்துவிடும்.

பாட்டுத் தேர்வில் நம் இசைக்கே உரிய வம்புகள் உண்டு. நடை இரண்டடிக் கணக்கு. ஆதி தாளம் அதில் பிசிறில்லாமல் உட்காரும். மிஸ்ர சாப்பு மூன்றும் நான்குமாகச் சமமற்றுப் பிரிவதால், ஏற்கெனவே நொண்டும் காலை இன்னும் நொண்டப் பழக்கும். விருத்தமும் ஆலாபனையும் எவ்வளவு உருக்கினாலும் இங்கே உதவாது; பிடிக்கத் தாள அடி வேண்டுமே. 144இல் ஓடும் திரைப்பாடலுக்கு ஒரு தாள அடி விட்டு ஒரு தாள அடிக்குக் கால் வைத்தால் 72 ஆகும் என்பது கணக்குக்குச் சரி, ஆனால் சிலர் ஒவ்வொரு தாள அடியையும் துரத்தப் பார்ப்பார்கள். அவர்களுக்கு வெறும் மெட்ரோனோமே நல்லது.

பேச்சிழந்தவரைச் சொற்றொடரை ராகம்போட்டுச் சொல்லவைத்து, அசைக்கு ஒரு தட்டாக இடக்கையில் தட்டும் முறையை இதோடு சேர்க்கக் கூடாது. 1973இல் பாஸ்டனில் வகுக்கப்பட்ட அது மெட்டையும் துணைக்கொள்வது. தாளவயப்படுதலுக்கு மெட்டு கட்டாயமில்லை, தாள அடி போதும்.

கடைசிப் படியை அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். நடந்துகொண்டிருக்கும்போதே ஒலியைச் சில நொடிகள் நிறுத்தி, அதே வேகம் நிற்கிறதா என்று பார்த்து, நிறுத்தும் நேரத்தை மெல்ல நீட்ட வேண்டும். இதைத் 'தாளம் விலக்கல்' எனலாம். முடிவில் ஒலியே இல்லாமல் அதே 10 மீட்டரை மறுபடி அளக்க வேண்டும். எண் 72க்கே திரும்பியிருந்தால் கால் இன்னும் தாளத்தின் வயத்தில்தான் இருக்கிறது, பயிற்சியைத் தொடர வேண்டும்.