கோடையில் பல்கலைக்கழக ஆய்வகம்: அமெரிக்காவில் அறிவியல் ஆசிரியராக இருப்பவர்களுக்கு

அமெரிக்காவில் பள்ளி அறிவியல் ஆசிரியர்கள் கோடை விடுமுறையில் ஆறு வாரம் போல ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் ஆராய்ச்சி செய்யலாம், அதற்கு ஸ்டைபெண்டும் (உதவித்தொகை) கிடைக்கும். தேசிய அறிவியல் அறக்கட்டளையின் நிதியில் நடக்கும் இதற்கு ஆர்.இ.டி. (Research Experiences for Teachers, ஆசிரியர்களுக்கான ஆராய்ச்சி அனுபவம்) என்று பெயர். கொலம்பியா பல்கலைக்கழகம் இதே போன்ற ஒன்றை 1990 முதல் தனியாக நடத்திவந்தது. அங்கே போய்வந்த ஆசிரியர்களின் மாணவர்கள் சில ஆண்டுகளில் மாநிலத் தேர்வில் கூடுதலாகத் தேறியதாக 2009-ல் ‘சயன்ஸ்’ இதழில் கட்டுரையே வந்தது. நல்ல திட்டம்தான். உள்ளே போவதில்தான் சிக்கல்.

முதலில் விசா. அறக்கட்டளைப் பணத்தில் ஸ்டைபெண்ட் வாங்க அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டும். ஜே1 (பரிமாற்றத் திட்டம்), ஹெச்1பி (வேலை) விசாவில் வந்து அமெரிக்கப் பள்ளிகளில் கணக்கும் அறிவியலும் எடுக்கும் நம் ஆட்கள் நிறையப் பேர் விழுவது இங்கேதான். அறிவிப்பில் இந்த வரி பெரும்பாலும் கடைசியில், சின்ன எழுத்தில் இருக்கும். எனக்குத் தெரிந்த ஒரு வேதியியல் ஆசிரியை விண்ணப்பக் கட்டுரை எழுதி, பிரின்சிபலிடம் பரிந்துரைக் கடிதம் வாங்கி, நேர்காணலும் முடித்தார். அதன் பிறகுதான் விசா என்ன என்று கேட்டார்கள். முதல் மின்னஞ்சலிலேயே கேட்டிருந்தால் அவருடைய வசந்த காலம் வீணாகியிருக்காது. கேட்க வேண்டியது அவர்கள். கேட்கமாட்டார்கள், அதனால் நீங்கள் முந்திக்கொள்ளுங்கள்.

“சரி, ஸ்டைபெண்ட் வேண்டாம், சும்மா வந்து வேலை செய்கிறேன்” என்று பேராசிரியரிடம் சொல்லிவிடாதீர்கள். ஹெச்1பி-யில் இருப்பவர், அவருக்காக விசா மனு போட்ட பள்ளிக்கு மட்டும்தான் வேலை செய்யலாம். சம்பளம் இல்லை என்பதாலேயே அது வேலை இல்லை என்று ஆகிவிடாது. ஜே1 என்றால் உங்களை அந்த விசாவில் வரவழைத்த ஸ்பான்சர் நிறுவனத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம். பேராசிரியருக்கு இந்த விதிகள் தெரியாது. “பிரச்சினை ஒன்றும் வராது” என்று நல்ல மனதோடுதான் சொல்வார். ஆனால் மாட்டப்போவது அவர் விசா இல்லையே.

கிரீன் கார்டு இருந்தாலும் அடுத்த கதவு பள்ளி மாவட்டம், அதாவது ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் நிர்வாகம். பல பல்கலைக்கழகங்கள் மானியம் கேட்கும்போதே பக்கத்து மாவட்டங்கள் ஒன்றிரண்டைக் கூட்டாளியாக எழுதிவிடுகின்றன. அறிவிப்பு எல்லாருக்கும் போகும், இடம் அந்த மாவட்டத்துக்குப் போகும். தனியார் பள்ளி ஆசிரியர்கள் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும். தங்குமிடமும் பல இடங்களில் கிடையாது, உள்ளூர்க்காரர் வருவார் என்ற கணக்கில்தான் நடத்துகிறார்கள்.

விண்ணப்பத்தை அறக்கட்டளைக்கு அனுப்பாதீர்கள். ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனித்தனியாக, தனித்தனிக் கடைசித் தேதியோடு ஆள் எடுக்கிறது. மானியம் முடிந்துபோன இடங்களின் இணையப் பக்கம்கூட அழகாகத் திறந்தே கிடக்கும். அறக்கட்டளையின் மானியத் தேடல் பக்கத்தில் அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரைப் போட்டு முடிவுத் தேதியைப் பாருங்கள். 2025-ல் அறக்கட்டளை நூற்றுக்கணக்கான மானியங்களை நடுவிலேயே நிறுத்தியது. அதனால் தேதி மீதி இருந்தாலும், இந்தக் கோடையில் நடக்கிறதா என்று கேட்டுவிடுவது நல்லது.

தேதி மோதலும் உண்டு. டெக்சாஸில் பள்ளி மே கடைசியில் முடிந்துவிடும், நியூயார்க் நகரத்தில் ஜூன் கடைசி வரை இழுக்கும். ஜூன் முதல் வாரமே ஆய்வகம் தொடங்கினால் நியூயார்க்காரர் என்ன செய்வார்? தாமதமாகச் சேர விடுவார்களா என்பதை விண்ணப்பிக்கும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம் பணம். பெரும்பாலும் ஸ்டைபெண்டில் வரி பிடிக்காமல் முழுத் தொகையையும் தருவார்கள். வரிப் படிவம் எதுவும் வராவிட்டாலும் அது வருமானம்தான், கணக்கில் காட்ட வேண்டும். வரிக்காக ஒரு பகுதியை எடுத்து வைத்துவிடுங்கள். சில இடங்களில் கடைசித் தவணை, இலையுதிர் காலத்தில் பாடத்திட்டம் எழுதிக் கொடுத்து, வகுப்பில் நடத்திக் காட்டிய பிறகே வரும். அதற்குள் பிரின்சிபல் உங்களை வேறு வகுப்புக்கு மாற்றிவிட்டால் தவணைக்காக நடையாய் நடக்க வேண்டும்.

ஆசிரியர் சான்றிதழைப் புதுப்பிக்கத் தேவையான பயிற்சி மணிநேரம் தானாகச் சேராது. டெக்சாஸில் ஐந்து ஆண்டுக்கு 150 மணி, நியூயார்க்கில் 100 மணி காட்ட வேண்டியவர்கள், அந்தப் பல்கலைக்கழகம் மாநிலம் ஏற்றுக்கொண்ட பயிற்சி நிறுவனங்களின் பட்டியலில் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்க வேண்டும். முடிந்த பிறகு கேட்டால் ஆளுக்கு ஆள் கை காட்டுவார்கள்.

ஆக ஒரே மின்னஞ்சலில் ஐந்து கேள்வி: என் விசா நிலைக்கு அனுமதி உண்டா, என் மாவட்டம் சேருமா, இந்த ஆண்டு நிதி உறுதியா, ஸ்டைபெண்ட் எத்தனை தவணை, பயிற்சி மணிநேரம் தருவீர்களா. பேராசிரியருக்கு அனுப்பினால் பெட்டியில் கிடக்கும், திட்ட ஒருங்கிணைப்பாளருக்கு அனுப்புங்கள். ஒரு வாரம் பதில் இல்லை என்றால் துறை அலுவலகத்துக்குப் போன் செய்யுங்கள். போனில் ‘ஆமாம்’ என்று சொன்னாலும், அதை மின்னஞ்சலில் கேட்டு வாங்கிய பிறகு கட்டுரை எழுத உட்காருங்கள்.