ஒரே நோயாளி, ஆறு தாள்கள்

மருத்துவம், நர்சிங், பார்மசி, சமூகப்பணி மாணவர்களை ஒரே அரங்கில் உட்கார வைத்து உடற்கூறியல் பாடம் நடத்துவது சுலபம். ஆனால் அதனால் அவர்கள் சேர்ந்து வேலை செய்யப் பழகிவிடுவதில்லை. பல மருத்துவத் துறையினர் சேர்ந்து கற்கும் ‘துறைகளுக்கிடையிலான கல்வி’க்காகப் பிரிட்டனில் 1987-இல் தொடங்கப்பட்ட கெய்ப் (CAIPE) அமைப்பும், அதே கல்விக்காக 2010-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட செயல்திட்டமும் கேட்பது வேறு: ஒருவரோடு ஒருவர், ஒருவரிடமிருந்து ஒருவர், ஒருவரைப் பற்றி ஒருவர் கற்க வேண்டும். இந்த மூன்றும் நடக்கிறதா என்பதைத் தீர்மானிப்பது பயிற்சியின் அமைப்புதான்.

பக்கவாதம் வந்து வலது கை தளர்ந்த 70 வயதுக்காரர் வீடு திரும்ப வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பயிற்சியில் ஆறு துறை மாணவர்களுக்கும் ஆறு வெவ்வேறு தாள்கள்; ஒவ்வொன்றிலும் அவரைப் பற்றிய ஒரு பகுதித் தகவல் மட்டும். நர்சிங் மாணவர் தாளில், தண்ணீர் குடித்ததும் அவர் இருமினார் என்றும், மாத்திரையைப் பொடித்துக் கொடுத்ததாகவும் இருக்கிறது. பார்மசி மாணவருக்கு மருந்துப் பட்டியல். அதில் ரத்த அழுத்தத்துக்காக மெதுவாகக் கரையும் நிஃபெடிபின். அதைப் பொடித்தால் நாள் முழுக்க வேலை செய்ய வேண்டிய மருந்து சீக்கிரமே ரத்தத்தில் கலந்து அழுத்தம் ஆபத்தான அளவுக்குச் சரியலாம். பேச்சு, விழுங்கல் சிகிச்சை மாணவருக்கு அந்த இருமல் ஓர் எச்சரிக்கை. நீர் மூச்சுக்குழாய்க்குள் போகலாம். பிசியோதெரபி தாளில் 10 மீட்டர் நடக்கிறார், படி ஏற முடியவில்லை. சமூகப்பணித் தாளில் வீடு இரண்டாவது மாடி, லிஃப்ட் இல்லை. ‘உடல்நிலை சீராக உள்ளது, நாளை அனுப்பலாம்’ என்பது மருத்துவ மாணவரின் தாள்.

எந்தத் தாளும் தனியாகப் பார்த்தால் தவறில்லை. ஆபத்து இரண்டு தாள்களுக்கு நடுவில் இருக்கிறது. எல்லாருக்கும் ஒரே தாளைக் கொடுத்தால், வேகமாகப் படிப்பவர் முடிவைச் சொல்லிவிடுவார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். நோயறிதலே முழுக்கதையாக உள்ள நோயாளியை எடுத்தாலும் சமூகப்பணி மாணவர் பார்வையாளராகிவிடுவார். பல பயிற்சிகள் சறுக்குவது இங்கேதான்.

ஒரு குழுவில் 6 முதல் 8 பேர் போதும். ஒரே துறையினர் பாதிக்கு மேல் இருக்கக் கூடாது. வெவ்வேறு குழுவினர் பழகினாலே முன்முடிவுகள் கரைந்துவிடா; சம அந்தஸ்து, பொதுவான இலக்கு, ஒத்துழைப்பு, நிறுவனத்தின் ஆதரவு ஆகியவை வேண்டும் என்று சமூக உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954-இல் சொன்னார். இறுதியாண்டு மருத்துவ மாணவரோடு முதலாண்டு நர்சிங் மாணவரைச் சேர்த்தால் முதல் நிபந்தனையே அடிபடும். சேர்ந்து பழகிய பிறகு வெறுப்பு கூடவும் வாய்ப்புண்டு.

தகவலை எப்படிச் சொல்வது என்பதையும் பழக்க வேண்டும். நிலைமை, பின்னணி, கணிப்பு, பரிந்துரை என்ற நான்கு படி முறை இதற்கு உதவும். “தண்ணீர் குடித்ததும் இருமுகிறார். பக்கவாதம் வந்து மூன்றாம் நாள். விழுங்குவதில் சிக்கல் என நினைக்கிறேன். பரிசோதிக்கும் வரை வாய்வழி எதுவும் வேண்டாம்” என்று நர்சிங் மாணவர் சொல்லி முடிக்க அரை நிமிடம்கூட ஆகாது. கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்த வேண்டும். மாணவர்கள் தயங்குவது நான்காவது படியில். இருமலைச் சொல்வார்கள், என்ன செய்ய வேண்டும் என்பதை விழுங்கிவிடுவார்கள். மூத்தவரிடம் பரிந்துரை சொல்வது அதிகப்பிரசங்கித்தனம் என்ற பயம்தான் காரணம்.

அதனால் பயிற்சிக்கு 20 நிமிடம் என்றால், பின்னுரையாடலுக்குக் குறைந்தது அதே அளவு, முடிந்தால் இரு மடங்கு ஒதுக்குங்கள். யாருக்குத் தெரிந்தது, எப்போது சொன்னார், ஏன் தாமதித்தார் என்பதே அங்கே கேள்வி. நடத்துபவர்கள் இரு வெவ்வேறு துறையினராக இருப்பது நல்லது. தன் துறை மாணவர் பேசாததை ஒருவர் கவனிக்காவிட்டாலும் மற்றவர் கவனிப்பார்.

சுவீடனின் லின்ஷோப்பிங்கில் 1996-இலேயே, மேற்பார்வையின் கீழ் பல துறை மாணவர்கள் சேர்ந்து கவனிக்கும் வார்டைத் தொடங்கினார்கள். அந்த வசதி இல்லாத இடங்களில் அறைப்பயிற்சியே வழி. ஆனால் மதிப்பெண் இல்லையென்றால் தேர்வு நெருங்கியதும் வருகை குறைந்துவிடும். குழு தயாரிக்கும் வீடு திரும்பும் திட்டத்துக்கு ஒரு பங்கு மதிப்பெண் வையுங்கள். மீதிக்கு ஒவ்வொருவரும் தனியாக எழுதட்டும்: வேறு எந்தத் துறையினரை, எந்தத் தகவலோடு, எப்போது அழைப்பேன்? ‘தேவைப்பட்டால் அழைப்பேன்’ என்ற பதிலுக்கு மதிப்பெண் வேண்டாம். ‘அடுத்த வேளை மாத்திரைக்கு முன்பு’ என்று எழுதியவருக்கு முழுசாகக் கொடுக்கலாம்.