மைலேஜ்: வண்டி கொடுப்பதா, குடிப்பதா?

'வண்டி எவ்வளவு கொடுக்கும்?' பைக் வைத்திருக்கும் யாரும் இந்தக் கேள்விக்குத் தப்பியதில்லை. எதைக் கொடுக்கும் என்று கேட்பவரும் சொல்வதில்லை, பதில் சொல்பவரும் விசாரிப்பதில்லை. 'முப்பத்தஞ்சு கொடுக்குது' என்றால் லிட்டருக்கு 35 கிலோமீட்டர், அவ்வளவுதான். இதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் மைலேஜ். பெயரில் மைல் இருக்கிறது, கணக்கில் எங்கும் மைல் இல்லை.

மைலின் வேர் லத்தீன். 'மில்லே பாஸ்ஸூஸ்' என்றால் ஆயிரம் நடை. வைத்த கால் மறுபடி தரையில் படும்வரை ஒரு பாஸ்ஸூஸ் என்று ரோமானியர் எண்ணினார்கள், நம் கணக்கில் இரண்டு காலடி. அப்படி ஆயிரம் சேர்ந்தால் ஏறத்தாழ 1,480 மீட்டர். இன்றைய மைல் இன்னும் கொஞ்சம் நீளம், 1.609344 கிலோமீட்டர். 1959-இல் ஆங்கிலம் பேசும் நாடுகள் சில ஒன்றுகூடி முடிவு செய்த அளவு இது. தமிழிலும் மைலுக்கு ஒரு பெயர் இருந்தது. 'மூன்று கல் தொலைவு' என்று பழைய உரைநடையில் படித்திருப்பீர்கள். சாலையோரம் நட்ட கல்லே தூரத்துக்குப் பெயராகிவிட்டது.

பின்னால் ஒட்டியிருக்கும் 'ஏஜ்' பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. 'போஸ்டேஜ்' என்பதிலும் அதே ஒட்டுதான். கட்டணம், படி என்ற வாடை அதில் உண்டு. 18-ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் மைலேஜ் என்றால் மைல் கணக்கில் வாங்கும் பயணப்படி. அமெரிக்க நாடாளுமன்றம் தன் உறுப்பினர்களுக்கு 20 மைலுக்கு 6 டாலர் என்று 1789-இல் நிர்ணயித்தது. 1848-இல் ஹொரேஸ் கிரீலி என்ற பத்திரிகையாளர், யார் யார் சுற்றுவழிக் கணக்கு எழுதிக் கூடுதலாக வாங்கினார்கள் என்று பட்டியலே போட்டார். அதில் ஆபிரகாம் லிங்கன் பெயரும் இருந்தது. மைலேஜைக் கூட்டிச் சொல்லும் பழக்கத்துக்கு பைக்கைவிட வயது அதிகம்.

படி என்ற பொருள் விரிந்து, ஓடிய மொத்தத் தூரம் என்ற பொருள் வந்தது. மோட்டார் வண்டிகள் வந்த பிறகு ஒரு கேலனுக்கு ஓடும் மைல் என்ற பொருளும் சேர்ந்துகொண்டது. அதிலும் ஒரு வம்பு: பிரிட்டிஷ் கேலன் 4.546 லிட்டர், அமெரிக்க கேலன் 3.785. அமெரிக்கக் கணக்கில் 50 தரும் வண்டி பிரிட்டனில் 60 தரும், ஒரு திருகாணியைக்கூடத் தொடாமலே. இப்போது 'அரசியல் மைலேஜ்' வரை சொல் போய்விட்டது. அதற்கு 'ஆதாயம்' போதும்.

வண்டியின் மைலேஜுக்குத் தமிழில் இரண்டு சொற்கள் புழங்குகின்றன. 'எரிபொருள் சிக்கனம்' என்பது எனக்கு ஒட்டவில்லை. சிக்கனம் ஒரு குணம், 35 என்ற எண்ணுக்கு அது பெயராகாது. 'எரிபொருள் திறன்' இன்னும் குழப்பம். தமிழ்நாட்டு இயற்பியல் பாடநூலில் திறன் என்றால் குதிரைத்திறனில் வரும் திறன், வாட் கணக்கு. எஞ்சினின் பலத்தைச் சொல்கிறோமா, அது குடிக்கும் பெட்ரோலைச் சொல்கிறோமா?

என் தேர்வு 'எரிபொருள் ஈவு'. ஓடிய தூரத்தை ஊற்றிய லிட்டரால் வகுத்தால் கிடைப்பது ஈவு. ஈதல் என்றால் கொடுத்தல். 'எவ்வளவு கொடுக்கும்' என்று கேட்பவர் தன்னை அறியாமல் இந்தச் சொல்லைத்தான் கேட்கிறார். ஈவு என்று சொன்னதும் வகுக்கும் எண் நினைவுக்கு வருகிறது. மைலேஜ் என்ற சொல் அதை மறைத்துவிடுகிறது. அதனால்தான் அது வண்டியோடு பிறந்த மச்சம் மாதிரி பேசப்படுகிறது. நெடும்பயணத்தில் முதல் நாள் 34, மறுநாள் 26 வந்தால் எஞ்சினில் கோளாறு என்று பதறுகிறோம்.

பெரும்பாலும் கோளாறு காற்றில்தான் இருக்கும். காற்றின் எதிர்ப்பு விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். 80-இல் போனவர் 100-க்கு ஏறினால் அந்த விசை 1.56 மடங்கு. டயர் உராய்வும் எஞ்சினின் உள்ளிழப்பும் வேறு இருப்பதால் பெட்ரோல் அதே மடங்கு கூடாது, ஆனால் நெடுஞ்சாலை வேகத்தில் பெரிய பங்கு காற்றுக்குத்தான் போகிறது. ஸ்பீடோமீட்டர் காட்டுவது சாலையை வைத்துக் கணக்கிட்ட வேகம், வண்டி முட்டிக்கொண்டு போவது காற்றை. 20 கிலோமீட்டர் எதிர்காற்றில் 80-இல் போனால் காற்றுக்கு அது 100. திரும்பும்போது அதே காற்று முதுகைத் தள்ளினால் 60. ஒரே சாலை, ஒரே வேகம், எதிர்ப்பு மட்டும் ஏறத்தாழ 2.8 மடங்கு வித்தியாசம். பக்கவாட்டுப் பெட்டிகள் வண்டியை அகலமாக்குவதால் அவையும் இந்தக் கணக்கில் சேரும். சமதளத்தில் சீராகப் போகையில் அவற்றின் எடையைவிட அகலமே அதிகம் படுத்தும்.

எடை தன் வேலையைக் காட்டுவது ஏற்றத்தில். வண்டி, ஆள், மூட்டை சேர்த்து 300 கிலோ என்று வையுங்கள். 1,000 மீட்டர் உயரத்துக்கு அதைத் தூக்க ஏறத்தாழ 3 மெகாஜூல் ஆற்றல் வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் உண்டு. அதில் கால் பங்குதான் சக்கரத்துக்கு வந்து சேர்கிறது என்று கொண்டால், ஏறுவதற்கு மட்டுமே 370 மில்லி. இறக்கத்தில் கொஞ்சம் மிச்சமாகும். ஆக்சிலரேட்டரை முழுக்க விட்டு கியரில் இறங்கினால், இன்ஜெக்‌ஷன் வண்டிகள் பலவற்றில் எரிபொருள் நின்றே போகும். கார்புரேட்டர் வண்டியில் அந்தச் சலுகை இல்லை. ஏறியதெல்லாம் திரும்பியும் வராது, ஒரு பங்கு பிரேக்கில் சூடாகப் போய்விடும்.

பெட்ரோலும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலின் ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்குதான். 20 சதவீதம் எத்தனால் கலந்தால் லிட்டருக்குள் இருக்கும் ஆற்றலே 6, 7 சதவீதம் குறைவு. பிறகு டயர் காற்று, காய்ந்த செயின். இவை தெரிந்த கதை.

ஈவு என்பதால் வரும் இன்னொரு பொறி சராசரி. 100 கிலோமீட்டர் சமவெளியில் 40 வந்தது, அடுத்த 100 மலையில் 20 வந்தது. சராசரி 30 என்று நாக்கு முந்தும். முதல் நூறுக்கு இரண்டரை லிட்டர், அடுத்த நூறுக்கு ஐந்து, ஆக ஏழரை லிட்டரில் 200 கிலோமீட்டர். ஈவு 26.7. ஐரோப்பியர் இதைத் தலைகீழாக, 100 கிலோமீட்டருக்கு இத்தனை லிட்டர் என்று சொல்கிறார்கள். அந்தக் கணக்கில் லிட்டர்களை நேராகக் கூட்டிக்கொள்ளலாம். அதற்கும் நம்மிடம் வினைச்சொல் தயாராக இருக்கிறது: 'வண்டி குடிக்குது'.

கொடுப்பதோ குடிப்பதோ, டேங்க் நிரப்பி மறுபடி நிரப்பித்தான் அளக்கிறோம். முதல் தடவை நேராக நிறுத்தி வாய்வரை நிரப்பிவிட்டு, அடுத்த பங்க்கில் சைடு ஸ்டாண்டில் சாய்த்து நிரப்பினால், மேலே சொன்ன காற்றும் மலையும் இல்லாமலே ஈவு மாறிவிடும்.