பேய்க்கு இரண்டு கண் போதும்

அக்டோபர் பாதி தாண்டினால் என் கைப்பேசிக்கு வரும் கேக் படங்கள் எல்லாம் கருப்பாகிவிடும். பெங்களூர் அல்சூரில் வீட்டிலிருந்தபடியே கேக்கும் பிஸ்கட்டும் செய்து கொடுக்கிறேன். ஒயிட்ஃபீல்டு, சர்ஜாபூர் ரோடு பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்புகளில், அக்டோபர் 31 அன்று பேய் வேடம் போட்டுக் கொண்டாடும் ஹாலோவீன் இப்போது குழந்தைகள் நாள் எண்ணிக் காத்திருக்கும் விழா. 2024இல் அதே நாளில் தீபாவளியும் வந்து சேர்ந்தது. சமையலறையின் ஒரு பக்கம் முந்திரி கேக், மறுபக்கம் மண்டையோட்டு பிஸ்கட். மாமியார்கள் முகம் சுளித்தார்கள். பேரப்பிள்ளைகள் இரண்டையும் தின்றார்கள்.

விழா யாருடையது என்ற வழக்கில் எனக்கு ஆர்வமில்லை. தட்டில் என்ன இருக்கிறது என்பதில்தான் கவலை. "அக்கா, கிரீம் கன்னங்கரேலென்று இருக்க வேண்டும், தட்டிலிருந்து புகை வர வேண்டும்" என்று கேட்கிறார்கள். இரண்டுக்கும் நான் தலையாட்டுவதில்லை. ஏன் என்று ஒவ்வொரு தாய்க்கும் தனித்தனியாகச் சொல்வதை இங்கே ஒருமுறை எழுதிவைக்கிறேன்.

முதலில் கருப்பு. நம் நாட்டில் உணவில் சேர்க்க அனுமதிக்கப்பட்ட செயற்கை நிறங்கள் எட்டு. அவற்றில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை எல்லாம் உண்டு, கருப்பு கிடையாது. அப்படியானால் கடைக் கிரீமின் கருப்பு பெரும்பாலும் எப்படி வருகிறது? மற்ற நிறங்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் கொட்டித்தான். வெளிர் ரோஜா நிறத்துக்கு ஒரு துளி போதும் என்றால், கருப்புக்குப் பாட்டிலையே கவிழ்க்க வேண்டியிருக்கும். பெரும்பாலான உணவுகளில் செயற்கை நிறத்துக்கான வரம்பு கிலோவுக்கு 100 மில்லிகிராம். வீட்டில் அதை அளக்க யாரிடம் கருவி இருக்கிறது? 2024இல் கர்நாடக உணவுப் பாதுகாப்புத் துறை பேக்கரிகளிலிருந்து எடுத்துச் சோதித்த 235 கேக் மாதிரிகளில் 12 பாதுகாப்பற்றவை என்று அறிவித்தது நினைவிருக்கலாம். அவற்றில் ரெட் வெல்வெட், பிளாக் ஃபாரஸ்ட் போன்றவையும் இருந்தன.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 2015இல் அமெரிக்காவில் ஒரு பெரிய பர்கர் நிறுவனம் ஹாலோவீனுக்காகக் கருப்பு பன் போட்டு விற்றது. தின்றவர்களுக்கு மறுநாள் மலம் பச்சையாகப் போக, ஊரே அதைப் பற்றிப் பேசியது. நிறம் ஏற்றிய கேக்கைத் தின்ற குழந்தைக்கும் அப்படி நேரலாம். பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் காலை ஏழு மணிக்கு அந்தத் தாய் படும் பாட்டைக் கேட்டுப் பாருங்கள். பீட்ரூட்டை "ரத்தமாக" ஊற்றினாலும் சிலருக்குச் சிறுநீர் சிவந்து போகும். முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுங்கள்.

ஆக்டிவேட்டட் சார்கோல் என்ற பதப்படுத்திய கரித்தூளைப் போட்டால் இயற்கைக் கருப்பு என்று ஒரு பேச்சு இருக்கிறது. விஷம் உண்டவர்களுக்கு மருத்துவமனையில் அதைக் கொடுப்பதே வயிற்றில் இருப்பதை அது பிடித்துவைத்துக்கொள்ளும் என்பதால்தான். தினமும் மருந்து சாப்பிடும் குழந்தையின் மாத்திரையையும் அது அப்படியே பிடித்துவைத்துக்கொள்ளும். என் சமையலறையில் அதற்கு இடமில்லை.

நான் கருப்புக்கு நம்புவது கருப்புக் கோகோவை. அதைச் சேர்த்த கிரீமை ஓரிரவு குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் நிறம் தானாகவே இன்னும் ஆழமாகும். அதைவிட எனக்குப் பிடித்தது கருப்புக் கவுனி அரிசி. இரவு ஊறவைத்து, குக்கரில் குழைய வேகவிட்டு, வெல்லப்பாகும் தேங்காய்ப்பாலும் சேர்த்துக் கிண்டிச் சிறு கண்ணாடிக் கிண்ணங்களில் ஆறவிட்டால், கருப்புக்கும் ஊதாவுக்கும் நடுவே ஒரு நிறம் வரும். "சூனியக்காரியின் கஞ்சி" என்று பெயர் வைத்துக் கொடுத்தேன். வீட்டில் கவுனியைத் தொடாத பிள்ளைகள் கிண்ணத்தை வழித்தார்கள். ரத்தத்துக்கு மாதுளைச் சாற்றைச் சர்க்கரையோடு கொதிக்கவிட்டு, கரைத்த சோளமாவு ஒரு கரண்டி ஊற்றினால் கெட்டியாக வழியும்.

புகை விஷயத்தில் விளையாட்டே கூடாது. தட்டில் புகை கிளப்பும் உலர் பனிக்கட்டி என்பது உறைந்த கரியமில வாயு; அதன் வெப்பநிலை மைனஸ் 78 டிகிரி. திரவ நைட்ரஜனுடையது மைனஸ் 196. 2024 மார்ச்சில் குருகிராமில் ஓர் உணவகத்தில் வாய் மணக்கும் பொருள் என்று நினைத்து உலர் பனியை வாயில் போட்டவர்கள் ரத்த வாந்தி எடுத்தார்கள். அதே ஆண்டு நம் பெங்களூரிலேயே ஒரு திருமண வரவேற்பில் திரவ நைட்ரஜன் ஊற்றிய புகை பீடா தின்ற 12 வயதுச் சிறுமிக்கு இரைப்பையில் ஓட்டை விழுந்து அறுவைச் சிகிச்சை நடந்தது. அந்த ஆண்டே கர்நாடக அரசு பரிமாறும் உணவில் திரவ நைட்ரஜன் பயன்படுத்துவதைத் தடை செய்தது. "கிண்ணத்துக்கு அடியில்தானே வைக்கிறோம், யார் தின்னப் போகிறார்கள்" என்பார்கள். ஐந்து வயதுக் குழந்தை தின்னும். அதுதான் அதன் வேலை.

சரி, பயத்துக்கு என்ன செய்வது? கண்கள். எந்தப் பண்டத்தின் மேலும் இரண்டு கண் வைத்தால் அது பேயாகிவிடும். வெள்ளைச் சாக்லேட்டை உருக்குங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் திரிந்துவிடும் என்பதால் பாத்திரம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். பட்டர் பேப்பரைக் கூம்பாகச் சுருட்டி, நுனியைச் சிறிதாக வெட்டி, தட்டில் பொட்டுப் பொட்டாக வையுங்கள். பாதி இறுகும்போது ஒரு சாக்லேட் சிப்ஸைத் தலைகீழாக அழுத்துங்கள். கருவிழி நடுவில் நின்றால் கண் முறைக்கும்; ஓரத்துக்குப் போனால் திருதிருவென்று விழிக்கும். மூன்று, நான்கு வயதினருக்கு எப்போதும் திருதிரு விழிதான். முறைப்பது எட்டு வயதுக்கு மேல்.

இந்தக் கண்கள் கையில் இருந்தால் மீதி எளிது. மேரி பிஸ்கட்டின் மேல் வெள்ளைச் சாக்லேட்டைக் கோணல்மாணலாகக் கோடு இழுத்தால் துணி சுற்றிய எகிப்து மம்மி. ஏலக்கி வாழைப்பழத்தைப் பாதியாக வெட்டி, எலுமிச்சைச் சாறு தடவி நிறுத்தினால் குட்டிப் பேய். அரை கிலோ பரங்கிக்காய்த் துருவலை மூன்று கரண்டி நெய்யில் வதக்கி, 150 கிராம் சர்க்கரையும் 100 கிராம் கோவாவும் சேர்த்துச் சட்டியில் ஒட்டாமல் சுருளக் கிண்டி, ஆறியதும் உருட்டிப் பல்குத்தும் குச்சியின் முதுகால் வரி போட்டால், ஆரஞ்சுப் பூசணி. காம்புக்குக் கிராம்பு குத்துவது நம் வழக்கம். குழந்தைகள் கடித்துவிட்டு அழும், வேண்டாம். சென்ற ஆண்டு அதிகம் கேட்கப்பட்டது திருஷ்டி பொம்மை பிஸ்கட். கட்டடம் எழும் இடமெல்லாம் தொங்கும் அந்த முகத்தைப் பிள்ளைகள் பள்ளி வேனிலிருந்து தினமும் பார்க்கிறார்கள்: உருண்டை விழி, முறுக்கு மீசை, விதை நீக்கிய சிவப்புக் கொய்யாச் சீவலில் ஒரு நாக்கு. நாக்கை மட்டும் பரிமாறும்போது வையுங்கள், இல்லையென்றால் பிஸ்கட் நமத்துவிடும்.

அழகுக்காகச் செய்யும் சில பண்டங்கள் தொண்டையில் அடைக்கும். லிச்சிக்குள் கருப்புத் திராட்சை வைத்த "கண்விழி" பார்க்க அருமை. ஐந்து வயதுக்குக் கீழே கொடுக்கவே கூடாது. திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டித்தான் கொடுக்க வேண்டும். மார்ஷ்மெல்லோ மிட்டாயும் முழு முந்திரி, பாதாமும் அந்த வயதுக்கு ஆகாது. சூனியக்காரியின் விரல் பிஸ்கட்டில் நகத்துக்குப் பாதாம் பதிப்பார்கள். நான் உலர் திராட்சையைப் பிளந்து தட்டையாக ஒட்டுகிறேன். கைவினைக் கடையில் விற்கும் மினுக்குத் தூளில் "நச்சற்றது" என்று போட்டிருந்தாலும் அது உண்ணத் தக்கது என்று பொருளில்லை.

அழைப்பு அனுப்பும்போதே யாருக்கு எந்த உணவு ஒவ்வாது என்று கேட்டுவிடுங்கள்: வேர்க்கடலை, முந்திரி, பால், முட்டை, கோதுமை. இந்த ஊரில் ஒரே தளத்தில் ஜைனர் வீடும் மலையாளி வீடும் அடுத்தடுத்து இருக்கும். முட்டை சேர்த்ததையும் சேர்க்காததையும் வேறு வேறு தட்டில் வைத்துச் சீட்டு ஒட்டுங்கள். மார்ஷ்மெல்லோவிலும் புழு வடிவ ஜெல்லி மிட்டாய்களிலும் பெரும்பாலும் விலங்கிலிருந்து எடுத்த ஜெலட்டின் இருக்கும். சைவ வீடுகளுக்குக் கடற்பாசி ஜெல்லி செய்துகொள்ளலாம். கோவா, கிரீம், தேங்காய்ப்பால் சேர்ந்தவை வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்க வேண்டாம். முகமூடிப் போட்டி முடிந்த பிறகு வெளியே எடுங்கள். அது ஒருபோதும் நேரத்துக்குத் தொடங்குவதில்லை.