டாங்கி வேற, பீரங்கி வேற

ஃபிரண்டு ஒருத்தன் 1/35 ஸ்கேல்ல டைகர் 1 (ரெண்டாம் உலகப் போர்ல ஜெர்மன்காரன் ஓட்டின டாங்கி) மாடல் கட்டிட்டு இருக்கான், போன மாசம் "பீரங்கிக்கு உள்ள என்ன கலர்டா"ன்னு மெசேஜ் போட்டான். அவன் கேட்டது மொத்த வண்டியை, நான் சுடுற குழாய்க்குள்ளன்னு நெனச்சு "பெயிண்டே கிடையாது, வெறும் ஸ்டீல்தான்"னு அனுப்பிட்டேன். மறுநாள் போட்டோ வருது, உள்பக்கம் பூரா பளபளன்னு ஸ்டீல் கலர், டிரைவர் சீட்டைக்கூட விடல! டைகருக்கு உள்ள மேல்பாதி தந்த நிறம், கீழ்பாதி செங்காவி பிரைமர்.

அவனைக் குத்தம் சொல்ல முடியாது. டிவி டப்பிங்ல "பீரங்கிக்குள் ஐந்து வீரர்கள்"னு கேட்டுக் கேட்டு காது புளிச்சிருச்சு. அஞ்சு பேரைக் குழாய்க்குள்ள திணிக்க இதென்ன சர்க்கஸா?

பீரங்கிங்கிறது ஃபரங்கில இருந்து வந்தது, பறங்கியும் அதே வேர்தான், வெள்ளைக்காரன்னு அர்த்தம். அவன் கொண்டாந்த குண்டுக்குழாய்க்கு அந்தப் பேர் ஒட்டிக்கிச்சு. டாங்க் 1915ல இங்கிலாந்துல ரகசியமா கட்டினது, வெளிய கேட்டா தண்ணி டாங்க்னு புருடா விட்டாங்க, 1916 செப்டம்பர் 15 சோம் போர்ல இறங்கின பிறகும் அதே பேர் நின்னுருச்சு.

இன்டீரியர் கட்டுறவனுக்கு இந்த வித்தியாசம் ரொம்ப முக்கியம். டைகர்ல 88 மி.மீ. பீரங்கியோட பின்கட்டை (குண்டை உள்ள தள்ளுற பின்பக்கம்) டரட்டுக்குள்ள, அதாவது வண்டி மேல சுத்துற கூண்டுக்குள்ள, நடுவுல நீட்டிக்கிட்டு ரெண்டா பிரிக்கும், வலப்பக்கம் பீரங்கில குண்டைத் திணிக்கிறவர், இடப்பக்கம் சுடுறவரும் அவருக்குப் பின்னாடி கமாண்டரும். மொத்த வண்டியும் பீரங்கின்னா இந்த பின்கட்டையை என்னன்னு சொல்றது, பீரங்கியோட பீரங்கின்னா? (டரட்டைக் கோபுரம்னு எழுதுறாங்களே, அது தனிப் புலம்பல்.)

சரி, டாங்குக்குத் தனித்தமிழ் ஆளுங்க "தகரி"ங்கிறாங்க. தகர்க்கிறதால தகரியாம். குண்டும் தகர்க்குது, சம்மட்டியும் தகர்க்குது, ஜேசிபியும்தான் தகர்க்குது, அதெல்லாம் தகரியா? அதோட, இதை எழுதிக் காட்டினா எங்க வீட்ல எல்லாரும் தகரம்னுதான் வாசிக்கிறாங்க, டைகருக்கு முன்பக்கம் 100 மி.மீ. இரும்பு, 57 டன் எடை, அதைப் போய் தகர டப்பா ஆக்கிட்டாங்க. கேட்டா பழகினா சரியாயிடும்கிறாங்க, ஏன் பழகணும், எதுக்குப் பழகணும்? "கவச வாகனம்" தப்பில்ல, ஆனா ஆள் ஏத்திட்டுப் போற வண்டியும் அதுக்குள்ள வந்துரும், பாதி மொழிபெயர்ப்பாளருங்க டிக்‌ஷனரில முதல்ல கண்ல பட்டதை எடுத்துப் போட்டுட்டுப் போயிடுறாங்க, வண்டி படத்தைக்கூட பாக்குறதில்ல.

எனக்குப் புடிச்சது ஈழத்துல சொல்ற "தாங்கி". அங்க தண்ணித் தொட்டியும் தண்ணீர்த் தாங்கிதான், யுத்த வண்டியும் யுத்த தாங்கிதான், இங்கிலாந்துக்காரன் விட்ட புருடா அப்படியே தமிழ்ல உக்காந்திருக்கு பாருங்க. நம்ம பக்கம் டாங்கின்னாலே போதும், ஆவடில கேட்டா டேங்க் ஃபேக்டரின்னுதான் வழி சொல்வாங்க, பீரங்கி ஃபேக்டரின்னு யாரும் சொல்லி நான் கேட்டதில்ல.

ஃபிரண்டு மேல்பாதிக்குத் தந்தக் கலர் மறுபடி அடிச்சுட்டான். பின்கட்டையை மட்டும் ஸ்டீலாவே விட்டிருக்கான், அதுக்கும் தந்தக் கலர்தான்னு இன்னும் சொல்லல.