சீனர்களுக்கு மெக்சிகோக்காரர்களைவிடச் செல்வாக்கு அதிகமா?

உங்களுக்கு அக்கறையுள்ள பிரச்சினையை அரசு கவனிக்கும்படி செய்ய உங்களால் எவ்வளவு முடியும்? உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வில் இந்தக் கேள்வி சீனாவிலும் மெக்சிகோவிலும் கேட்கப்பட்டது. 'துளியும் இல்லை', 'கொஞ்சம்', 'ஓரளவு' என்று ஏறிச்செல்லும் ஐந்து பதில்கள். தங்களுக்குச் செல்வாக்கு உண்டு என்று கூடுதலாகச் சொன்னவர்கள் சீனர்கள். மெக்சிகோ மக்களோ, 71 ஆண்டுகள் ஆண்ட கட்சியை 2000-இல் ஓட்டுப்போட்டு இறக்கியவர்கள்.

யாரும் பொய் சொல்லவில்லை. எதுவரை 'கொஞ்சம்', எங்கிருந்து 'நிறைய' என்ற கோட்டை ஒவ்வொரு சமூகமும் வேறு இடத்தில் போடுகிறது. இந்தியாவில் ஆயுள் நீண்ட கேரளத்தில்தான் 'நோய் உண்டு' என்போர் அதிகம், பீகாரில் குறைவு என்று அமர்த்தியா சென் 2002-இல் சுட்டிக்காட்டியதும் இதே சிக்கல்தான்.

அரசியல் அறிவியலாளர் கேரி கிங்கும் சக ஆய்வாளர்களும் 2004-இல் வெளியிட்ட தீர்வின் பெயர் 'ஆங்கரிங் விக்னெட்'. ஐந்து குறுங்கதைகளைச் சொல்லி, அந்த மாந்தர்களையும் அதே ஐந்து பதில்களால் மதிப்பிடச் சொல்வார்கள். கடைசிப் படியில் இருப்பவருக்குக் குடிக்க நல்ல தண்ணீர் இல்லை, ஓட்டுரிமையும் இல்லை. வாய் திறக்காமல் சகித்துக்கொள்கிறார். மேலே உள்ள ஒருத்தி, ஜெயிக்கப்போகும் எதிர்க்கட்சி வேட்பாளரை ஊராரோடு சேர்ந்து ஆதரிக்கிறாள்.

ஐந்து கதைகளால் கீழிருந்து மேலாக 11 இடங்கள் கிடைக்கும்: ஒவ்வொன்றுக்கும் சமமாக ஐந்து, எல்லாவற்றுக்கும் கீழே, இடையிடையே, மேலே என ஆறு. இருவர் தம்மைக் 'கொஞ்சம்' என்கிறார்கள். ஒருவர் அந்த ஊமைத் துயரக்காரருக்கே 'ஓரளவு' கொடுக்கிறார். அப்படிச் சொன்னவருக்கு 1-ஆம் இடம். மற்றவர் துயரக்காரருக்குத் 'துளியும் இல்லை', அடுத்த கதைக்குக் 'கொஞ்சம்' என்கிறார். இப்படிச் சொன்னவருக்கு 4-ஆம் இடம். இப்படிக் கணக்கிட்டபோது சீனர்களில் 40 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் அந்தத் துயரக்காரருக்கும் கீழே வந்தார்கள். வரிசை தலைகீழானது.

இரண்டு அனுமானங்கள் உடைந்தால் எல்லாம் உடையும். தன்னை அளக்கும் கோலாலேயே கதைமாந்தரையும் அளக்க வேண்டும். கதை எல்லா ஊரிலும் ஒரே நிலையைக் குறிக்க வேண்டும். அதனால் பெயர்களை உள்ளூர்ப் பெயர்களாக, பதில் சொல்பவரின் பாலினத்துக்கேற்ப மாற்றுவார்கள். களத்தில் அதிகம் படுத்துவது வேறொன்று: பலர் கதைகளுக்கு ஒரே மதிப்போ, தலைகீழ் வரிசையோ தருவார்கள். அப்போது 11-இல் ஓர் இடம் கிடைக்காது, '2 முதல் 7-க்குள்' என்ற வீச்சுதான் மிஞ்சும். முன்னோட்ட ஆய்விலேயே நன்கு பிரித்துக் காட்டாத கதைகளைக் கழித்துவிடுவது நல்லது. நேரமில்லையென்றால் கதைகளைப் பதிலளிப்போரில் ஒரு பகுதியினரிடம் மட்டும் கேட்டு, மற்றவர்களைப் புள்ளியியல் மாடல் கொண்டு திருத்தலாம்.

பார்வைத்திறனில் இதைச் சோதிக்கவும் வழியிருந்தது. சீனாவிலும் ஸ்லோவாக்கியாவிலும் கண் அட்டையை வைத்து நேரடியாக அளந்தார்கள். வெறும் சுயமதிப்பீட்டைவிட, கதைகளால் திருத்திய மதிப்பீடுதான் அந்த அளவுக்கு நெருங்கி வந்தது.