பிரித்த இன்ஜினோடு வக்கீலிடம் வராதீர்கள்

போன வாரம் வந்தவர் சாக்குப்பையைத் தரையில் வைத்து அவிழ்த்தார். உள்ளே கோடு கோடாகக் கீறல் விழுந்த பிஸ்டன், செய்தித்தாளில் சுற்றிய ரிங்குகள், கிழிந்த கேஸ்கெட். ஃபைபர் படகுக்கு வாங்கி ஆறு மாதம்கூட ஆகாத அவுட்போர்டு இன்ஜின் (படகின் பின்புறம் வெளியே மாட்டுவது), நடுக்கடலில் ஜாம் ஆகி நின்றிருக்கிறது. டீலர் கையை விரிக்க, ஊர் மெக்கானிக் பிரித்துப் பார்த்து ‘கம்பெனி பழுதுதான்’ என்றாராம். ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து என்னிடம் வரும் இன்ஜின் வழக்குகளில் பாதிக்கு மேல் இதே கதைதான்.

மெக்கானிக் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். இனி அதை எப்படி நிரூபிப்பது? ‘வெளியில் பிரித்தார்கள், அதனால்தான் கெட்டது’ என்று எதிர்த்தரப்புக்கு நாமே பதில் எடுத்துக் கொடுத்துவிட்டோம். சோதிக்காமல் பழுதைத் தீர்மானிக்க முடியாது என்றால், பொருளைப் பரிசோதனைக்கு அனுப்ப 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38ஆம் பிரிவில் வழி இருக்கிறது. சாக்குப்பையை வைத்துக்கொண்டு நிபுணர் என்ன செய்வார்?

அடுத்தது, கேட்டுக் கேட்டுச் சலித்துப்போன வசனம்: ‘தொழிலுக்கு வாங்கிய இன்ஜின், நீங்கள் நுகர்வோரே இல்லை.’ டீலர் இதைச் சொல்வதில் ஆச்சரியம் இல்லை. படித்த பிள்ளைகளும் நம்பிவிடுவதுதான் எரிச்சல். வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் அல்ல என்று சட்டம் சொல்வது சரி. அதே பிரிவின் விளக்கத்தையும் படியுங்கள்: சுயதொழில் செய்து பிழைக்க மட்டுமே வாங்கிப் பயன்படுத்தினால் அது வணிக நோக்கம் ஆகாது. லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் வழக்கில் 1995இலேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. தானே ஓட்டிப் பிழைக்க ஆட்டோ வாங்கியவர் நுகர்வோர். உதவிக்கு ஒன்றிரண்டு பேரை வைத்துக்கொண்டாலும் நுகர்வோர்தான். படகில் கூட வரும் ஆளைக் காட்டி உங்களை முதலாளி ஆக்கிவிட முடியாது. ஆனால், கரையில் உட்கார்ந்துகொண்டு முழுக்க முழுக்க ஆள் வைத்துப் படகு விடுபவருக்கு இந்தச் சலுகை கிடைப்பது கஷ்டம். (இளம் வக்கீல்களுக்கு: ‘சுயதொழில், பிழைப்பு’ என்று புகார் மனுவிலேயே எழுதுங்கள். வாதத்தின்போது நினைவு வந்து பயனில்லை.)

இதையும் வாரண்டி அட்டையையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. தொழில் பயன்பாட்டுக்குக் குறைந்த வாரண்டி காலம் தரும் கம்பெனிகள் உண்டு. அது காலக்கெடு பற்றிய விஷயம், வழக்குப் போடும் உரிமை பற்றியது அல்ல. இன்ஜினை வாங்கும் அன்றே அட்டையின் பின்பக்கத்தைப் படித்துவிடுங்கள். இம்பெல்லர் (இன்ஜினைக் குளிர்விக்கத் தண்ணீர் இழுக்கும் சிறு சக்கரம்) மாதிரி தேயும் பாகங்களுக்குப் பெரும்பாலும் வாரண்டி இருக்காது. எரிபொருளில் ஆயில் கலக்கும் அளவு தப்பினாலும், முதல் சர்வீஸைத் தவறவிட்டாலும் கை விரிப்பார்கள். சர்வீஸ் செய்தால் புத்தகத்தில் சீல் வாங்குங்கள், ஆயில் வாங்கிய ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள்.

இன்ஜின் நின்றுவிட்டால் கவரைத் திறக்கும் முன்பே வீடியோ எடுங்கள், சீரியல் நம்பர் தெரியட்டும். டீலருக்குப் போன் மட்டும் போதாது. அன்றே வாட்ஸ்அப், அப்புறம் பதிவுத் தபால். பட்டறையில் விட்டால் ஜாப் கார்டு (என்ன பழுதுக்கு, என்றைக்கு விட்டோம் என்று எழுதித் தரும் சீட்டு) இல்லாமல் திரும்பாதீர்கள். கடலுக்குப் போகாமல் எத்தனை நாள் இருப்பது என்று கேட்பீர்கள், நியாயம்தான். வாடகைக்கு வேறு இன்ஜின் எடுங்கள், அந்த ரசீதையும் வைத்திருங்கள். அதையும் நஷ்டமாகக் கேட்கலாம்.

வழக்குப் போட 2 வருடம் அவகாசம் இருக்கிறது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே கிடையாது. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பாருங்கள், சில சமயம் அதிலேயே டீலர் இறங்கி வருவார்.

அப்படி இறங்கி வந்து சரிசெய்து கொடுத்தால், ‘குறை நீங்கியது, முழுத் திருப்தி’ என்று ஒரு தாளை நீட்டுவார்கள். தயவுசெய்து, கடலில் ஓட்டிப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டால்தான் இன்ஜினைத் தருவோம் என்றால், கையெழுத்துக்கு மேலே ‘இன்னும் ஓட்டிப் பார்க்கவில்லை’ என்று எழுதித் தேதி போட்டு, அந்தத் தாளை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.